காத்திருக்கும் எதிரி, காத்திருக்காத எதிரி: கன்சோல் ஆர்பிஜிகளின் சண்டைமுறை பற்றி ஒரு பார்வை

‘நல்ல ஆர்பிஜி ஒன்று சொல்லுங்கள்’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்லப் புகுந்தால், கதையைப் பற்றியோ இசையைப் பற்றியோ பேசி முடிப்பதற்குள் ஒரு பழைய சர்ச்சை குறுக்கே வந்துவிடும். சண்டை எப்படி நடக்கிறது? விளையாடுபவர் மெனுவைத் திறந்து யோசித்து முடிக்கும்வரை எதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா, யோசிக்கும்போதே வெட்டிவிட்டுப் போவானா? முதல் வகையை டர்ன்-பேஸ்டு என்றும் இரண்டாவதை ஆக்‌ஷன் என்றும் சொல்வது வழக்கம். இரண்டில் எது மேல், எது காலாவதியானது என்ற கேள்விக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. கேம்களை உருவாக்கியவர்களே அந்தப் பதில்களைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள்.

அந்தப் பதில்களில் முக்கியமானவை எங்கிருந்து கிளம்பின, எவ்வளவு தூரம் தாங்குகின்றன, எங்கே இடறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ஜப்பானியக் கன்சோல் மரபே இதன் மையம். மேற்கத்திய ஆக்கங்கள் தேவையான இடத்தில் மட்டும் வருகின்றன.

மேசையிலிருந்து தொலைக்காட்சிக்கு

டர்ன்-பேஸ்டு சண்டை கணினியில் பிறந்ததன்று. 1974-இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுவது. பலர் கூடி ஆடும்போது ஒருவர் தம் செயலைச் சொல்ல மற்றவர் காத்திருப்பது இயல்பு. அந்த ஒழுங்கை 1981-இல் வெளிவந்த ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ ஆகியவை கணினித் திரைக்குக் கொண்டுவந்தன. 1983-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கணினிக் கண்காட்சிக்குப் போயிருந்த யூஜி ஹோரி அங்கே ‘விசார்ட்ரி’யைக் கண்டார். அவர் வடிவமைத்து எனிக்ஸ் நிறுவனம் 1986 மே 27-இல் ஃபேமிகாம் கன்சோலுக்கு வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ இந்த மரபின் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது. அகிரா தோரியாமா உருவங்களை வரைந்தார். கோயிச்சி சுகியாமா இசையமைத்தார். கேம் முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது.

அதன் முதல் காட்சி கவனிக்கத் தக்கது. நாயகன் அரசரின் அறையில் நிற்கிறான். கதவு பூட்டியிருக்கிறது. அறையில் மூன்று பெட்டிகள்: ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் 120 பொற்காசு, ஒன்றில் சாவி. பேசு, எடு, கதவைத் திற, படியிறங்கு என்ற கட்டளைகளை மெனுவிலிருந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால்தான் வெளியே போக முடியும். ஆர்பிஜி என்ற சொல்லையே கேட்டிராத ஒருவருக்குத் தேவையான பாடம் முழுவதும் அந்த ஓர் அறையில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு விதி அதைவிட முக்கியம். சண்டையில் செத்தால் கையிலிருக்கும் பணத்தில் பாதி போகும். ஈட்டிய அனுபவப் புள்ளிகள் போகா. தோற்றவரும் தோற்பதற்கு முன்பிருந்ததைவிடச் சற்றே வலுவுடன்தான் மீண்டும் கிளம்புகிறார். கைவேகம் இல்லாதவரும் பொறுமையால் இறுதிவரை போய்ச் சேரலாம் என்ற உறுதிமொழி இந்த விதியில் இருக்கிறது. பின்னால் எழுந்த விவாதங்களில் பெரும்பாலானவை இந்த உறுதிமொழியைக் காப்பதா, திருத்துவதா, கைவிடுவதா என்பதைச் சுற்றியே நடந்தன என்று சொல்லலாம்.

‘வசதியின்மையில் பிறந்த முறை’ என்ற வாதம்

டர்ன்-பேஸ்டு முறைக்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் வாதம் இது: அக்காலக் கன்சோல்களுக்குத் திறன் போதாது, அதனால்தான் எதிரியை நிற்கவைத்து மெனுவில் சண்டை போட்டார்கள், இன்று திறன் வந்துவிட்டது, எனவே அந்த முறைக்கு வேலை இல்லை.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. நான்கு பேர் கொண்ட குழுவையும் ஏழெட்டு எதிரிகளையும் ஒரே நேரத்தில் அசையவிடுவது ஃபேமிகாமுக்குக் கடினம். எதிரியை ஒரு நிலைப்படமாகக் காட்டிவிட்டு மற்றதை எழுத்தில் சொன்னதால் நினைவகம் மிச்சமானது, எதிரி வகைகளைப் பெருக்க முடிந்தது.

ஆனால் காலவரிசை இந்த வாதத்துக்கு முழுதாக ஒத்துழைப்பதில்லை. அதே ஃபேமிகாமில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985-இலும், வாள் வீசி உலகைச் சுற்றும் ‘த லெஜன்ட் ஆஃப் செல்டா’ 1986 பிப்ரவரியிலும் வந்துவிட்டன. ‘டிராகன் குவெஸ்ட்’ அவற்றுக்குப் பிறகே வந்தது. நிகழ்நேரச் சண்டைக்கு அந்த இயந்திரம் போதுமானதாக இருந்தும் ஹோரி மெனுவைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய முந்தைய துப்பறியும் ஆக்கமான ‘போர்ட்டோப்பியா’ கணினியில் சொற்களைத் தட்டச்சு செய்து ஆடுவதாக இருந்து, 1985-இல் ஃபேமிகாமுக்கு வந்தபோது மெனுவுக்கு மாறியதும் நினைவில் கொள்ளத்தக்கது. மெனு என்பது அவருக்குக் கதை சொல்லும் கருவியாகவும் இருந்தது. தொழில்நுட்பக் குறை ஒரு காரணம் என்று ஏற்கலாம்; ஒரே காரணம் என்று ஏற்பதற்கு ஆதாரம் போதவில்லை.

கடிகாரத்தை உள்ளே விட்டவர்கள்

டர்ன்-பேஸ்டு முறையின் உண்மையான குறை அது நிற்பது அன்று, எந்த அழுத்தமும் தராமல் நிற்பதே என்று கருதியவர்கள் ஸ்கொயர் நிறுவனத்தில் இருந்தார்கள். ஹிரோயுகி இத்தோ வடிவமைத்த ‘ஆக்டிவ் டைம் பேட்டில்’ 1991-இல் ‘ஃபைனல் ஃபேன்டசி 4’-இல் வந்தது. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தைப் பார்த்தபோது இந்த எண்ணம் தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். வேகமான பாத்திரத்துக்கு முறை சீக்கிரம் வரும். மெனுவில் தயங்கினால் எதிரி அடித்துவிடுவான். அந்தக் காத்திருப்பைக் காட்டும் அளவுப்பட்டை ‘ஃபைனல் ஃபேன்டசி 5’-இல் (1992) திரைக்கு வந்தது.

1995-இல் வந்த ‘க்ரோனோ ட்ரிகர்’ இதே முறையை எடுத்துக்கொண்டு, எதிரிகளை உலாவும் இடத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி வைத்தது. இரண்டு மூன்று பாத்திரங்களின் பட்டை ஒருசேர நிரம்பக் காத்திருந்தால் கூட்டுத் தாக்குதல் கிடைக்கும். காத்திருப்பதும் ஒரு முடிவாக மாறியது. 1997-இல் ‘கிராண்டியா’ எல்லோருடைய முறையையும் ஒரே கோட்டில் ஓடும் குறிகளாகக் காட்டி, சரியான தருணத்தில் அடித்தால் எதிரியின் செயலையே ரத்து செய்ய வழி தந்தது.

இந்தப் பாதையின் பலவீனம் மெனுவே. கடிகாரம் ஓடும்போது விளையாடுபவரின் கவனம் எதிரியைவிடப் பட்டியலில்தான் இருக்கிறது. எந்த மந்திரம் எந்த வரிசையில் என்று தேடுவதே சவாலாகிவிடுகிறது. மெனு திறந்திருக்கும்போது நேரத்தை நிறுத்தும் ‘வெயிட்’ அமைப்பை ‘ஃபைனல் ஃபேன்டசி’ தொடரே கொடுத்தது அக்குறையை ஒப்புக்கொண்டதற்குச் சமம். 2001-இல் ‘ஃபைனல் ஃபேன்டசி 10’ கடிகாரத்தை முற்றிலும் எடுத்துவிட்டு, அடுத்தடுத்து யார் முறை என்ற வரிசையைத் திரையின் ஓரத்தில் வைத்தது. ஒரு மந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அதனால் வரிசை எப்படி மாறும் என்பது தெரிந்தது. சண்டையின் நடுவே பாத்திரத்தை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. காலத்தின் அழுத்தத்தைக் கைவிட்டு, காலத்தைப் பற்றிய தகவலை மட்டும் வைத்துக்கொண்ட இம்முறையைத் தொடரின் மிகத் தெளிவான சண்டையாகக் கருதுவோர் பலர்.

ஆக்‌ஷன் பக்கம் நின்றவர்கள்

கதையில் ஓடும் நாயகன் சண்டையில் ஏன் நிற்க வேண்டும் என்பது இவர்களின் கேள்வி. 1993-இல் வந்த ‘சீக்ரெட் ஆஃப் மானா’, 1995-இல் வந்த ‘டேல்ஸ் ஆஃப் ஃபேன்டசியா’ ஆகியவை சூப்பர் ஃபேமிகாமிலேயே இதற்குப் பதில் தேடின. முதலாவது மூன்று பேர் சேர்ந்து ஆட இடம் தந்தது. இரண்டாவது எதிரியும் நாயகனும் பக்கவாட்டுக் கோட்டில் முன்னும் பின்னும் நகர்ந்து மோதும் சண்டையைக் கொண்டுவந்தது. 2002-இல் ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ இந்தப் பாதையைப் பெருங்கூட்டத்திடம் கொண்டுசேர்த்தது. ‘ஃபைனல் ஃபேன்டசி’ தொடரே 2016-இல் 15-ஆம் பாகத்தில் ஆக்‌ஷனுக்கு மாறியது. 2023-இல் வந்த 16-ஆம் பாகத்தின் சண்டையை வடிவமைத்தவர், ‘டெவில் மே க்ரை 5’-இல் பணியாற்றிய ரியோட்டா சுசுகி. கட்டளை தேர்ந்தெடுத்து ஆடும் சண்டையில் என்ன சுவை என்று புரியாத இளையோர் பெருகிவிட்டார்கள் என்ற பொருளில் அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா பேசியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. தாம் கட்டளைச் சண்டையில் வளர்ந்தவர் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

ஆக்‌ஷனின் பலம் உடனடித்தன்மை. அடியின் கனம் கையில் தெரிகிறது. கதைக்கும் சண்டைக்கும் இடையே திரை மாறுவதில்லை. பலவீனங்கள் இரண்டு. முதலாவது, குழு கரைந்துபோவது. ஒரே நேரத்தில் ஒரு பாத்திரத்தைத்தான் இயக்க முடியும் என்பதால் மற்றவர்கள் தானியங்கிகளாகிறார்கள். ஆர்பிஜியின் தனிச்சுவைகளில் ஒன்றான, நால்வரின் திறனை ஒன்றோடொன்று பின்னுவது மெலிந்துவிடுகிறது. இரண்டாவது, கைவேகம் நுழைவுச் சீட்டாக மாறுவது. கைகளை விரைவாக இயக்க இயலாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் டர்ன்-பேஸ்டு முறை திறந்து வைத்திருந்த கதவு இங்கே ஒடுங்குகிறது. 16-ஆம் பாகம் தானாகவே விலகச் செய்யும் மோதிரம், எதிரி அடிக்கும் நொடியில் நேரத்தை மெதுவாக்கும் மோதிரம் போன்றவற்றை அணிகலன்களாகவே கொடுத்தது. படைத்தவர்களும் இச்சிக்கலை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

முதல் குறை ஆக்‌ஷனுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1990-இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட் 4’-இன் ஐந்தாம் அத்தியாயத்தில் நாயகனைத் தவிர மற்றவர்களுக்கு நேரடிக் கட்டளை இட முடியாது; போர்த்திட்டம் மட்டும் சொல்லலாம். பூசாரி கிளிஃப்ட், உடனடியாகக் கொல்லும் மந்திரத்தை அது பலிக்கவே பலிக்காத பெரிய எதிரிகள்மீதும் ஏவிக்கொண்டிருந்தது ஜப்பானிய விளையாட்டாளர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. 2006-இல் ‘பெர்சோனா 3’ இதே வழியில் போனது. பிற்பாடு வந்த பதிப்புகள் இரண்டிலும் நேரடிக் கட்டளையைச் சேர்த்தன. 2006-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 12’ வேறொரு தீர்வு கண்டது. ‘தோழரின் உயிர் பாதிக்குக் கீழே போனால் குணப்படுத்து’ என்பது போன்ற நிபந்தனைகளை விளையாடுபவரே வரிசையாக எழுதிவைக்கும் ‘கேம்பிட்’ முறை அது. ‘ஃபைனல் ஃபேன்டசி 4’-இல் கடிகாரத்தைக் கொண்டுவந்த அதே இத்தோ இதிலும் முதன்மையானவர். இங்கே விளையாடுபவர் வீரராக இருப்பதை விட்டுத் தளபதியாகிறார். நன்றாக எழுதிவிட்டால் கேம் தானே ஆடிக்கொள்கிறது என்பது அதன்மீது வைக்கப்பட்ட குறை.

முறையையே கூர்மையாக்கியவர்கள்

டர்ன்-பேஸ்டு முறையின் நோய் வேகக்குறைவில் இல்லை, அர்த்தமற்ற முறைகளில் இருக்கிறது என்பது நான்காவது நிலைப்பாடு. ‘தாக்கு’ பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்தி வெல்ல முடியுமானால் அந்தச் சண்டை நடக்கத் தேவையே இல்லை என்கிறது இந்தத் தரப்பு.

இதன் கூர்மையான வடிவம் 2003-இல் வந்த ‘ஷின் மெகாமி டென்சே 3: நாக்டர்ன்’. குழுவில் எத்தனை பேரோ அத்தனை முறைக்குறிகள் கிடைக்கும். எதிரியின் பலவீனத்தைத் தாக்கினால் பாதிக் குறிதான் செலவாகும். அடி தவறினாலோ எதிரிமீது பலிக்காத தாக்குதலைத் தொடுத்தாலோ இரண்டு குறி போகும். எதிரி உறிஞ்சிக்கொண்டாலோ திருப்பி அனுப்பினாலோ எல்லாம் போய் எதிரியின் முறை வந்துவிடும். எதிரிகளுக்கும் இதே விதிதான். தொடக்கக் கட்டத்தில் வரும் மெட்டடார் என்ற எலும்புக்கூட்டு வீரன் சிவப்புத் துணியை வீசித் தன் சுறுசுறுப்பை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்வான். அதன் பிறகு அவன்மீது அடிகள் படா. தவறும் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு குறி பறிபோகும். லெவல் மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தவர் இங்கே மாட்டிக்கொள்கிறார். எதிரியின் சுறுசுறுப்பைக் குறைக்கும் திறன், காற்று மந்திரத்தைத் தாங்கும் தோழர்கள் என்று குழுவையே மாற்றி அமைத்தவர் கடந்துபோகிறார். மற்ற கேம்களில் பலரும் தொடாமல் விட்ட துணைத்திறன்கள் இங்கே உயிர்நாடியாகிவிடுகின்றன.

2012-இல் ‘பிரேவ்லி டிஃபால்ட்’ முறைகளைச் சேமிக்கவும் கடன் வாங்கவும் வழிசெய்தது. 2018-இல் ‘ஆக்டோபாத் டிராவலர்’ எதிரியின் கேடயத்தை உடைக்கும் கணக்கையும் சேமித்த ஊக்கத்தை எப்போது செலவிடுவது என்ற கணக்கையும் சேர்த்தது. எதிரி ஓர் அங்குலமும் நகராமலே இந்தச் சண்டைகள் பதற்றம் தருகின்றன.

குறை என்னவென்றால், பலவீனம் எதுவென்று ஒருமுறை தெரிந்துவிட்டால் புதிர் அவிழ்ந்துவிடுகிறது. அதே எதிரியை இருபதாவது முறை சந்திக்கும்போது நெருப்பு, அடுத்து நெருப்பு என்று கை தானே போகும். இம்முறைகள் பெரிய எதிரிகளிடம் ஒளிர்ந்து, வழியில் வரும் சிறிய எதிரிகளிடம் மங்குவதாகச் சொல்லப்படும் விமர்சனத்தைப் புறந்தள்ள முடியாது.

நடுவழி

இரண்டையும் இணைக்கும் முயற்சி புதிதன்று. 1996-இல் ‘சூப்பர் மாரியோ ஆர்பிஜி’ முறைவைத்துத் தாக்கும்போதே சரியான நொடியில் பட்டனை அழுத்தினால் கூடுதல் பலன் தந்தது. 2020-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்’ வேறு வகை. ஓடி அடிக்கும்போது பட்டை நிரம்பும். நிரம்பிய பட்டையைச் செலவிட்டுத்தான் மந்திரமோ மருந்தோ பயன்படுத்த முடியும். மெனு திறந்தால் நேரம் ஊர்ந்து செல்லும். பாத்திரங்கள் தாமாக ஓடி அடிக்க, விளையாடுபவர் கட்டளைகளை மட்டும் கவனிக்கும் ‘கிளாசிக்’ அமைப்பும் உண்டு.

2025-இல் வெளிவந்த, பிரான்சின் மோன்பெலியே நகரிலுள்ள சாண்ட்ஃபால் நிறுவனம் உருவாக்கிய ‘கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ இந்த வழியை மீண்டும் பேசுபொருளாக்கியது. நம் முறையில் யோசிக்க வேண்டிய அளவு நேரம் உண்டு. எதிரியின் முறையில் வாள் இறங்கும் நொடியைக் கணித்துத் தடுக்கவோ விலகவோ வேண்டும். எதிரி ஆடும்போது வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் பழைய சலிப்பு இதனால் நீங்கியது. ஆனால் தடுப்பதில் தேர்ந்தவருக்கு மற்ற உத்திகள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தேராதவருக்கு உத்திகள் மட்டும் போதுவதில்லை. ‘டிராகன் குவெஸ்ட்’ கொடுத்த உறுதிமொழியை நடுவழி பாதிதான் காப்பாற்றுகிறது என்று இதைப் படிக்கலாம்.

லெவல் ஏற்றும் சலிப்பும் அதன் பயனும்

சண்டைமுறை விவாதத்தை வளர்ச்சிமுறையிலிருந்து பிரிக்க முடியாது. வழியில் திடீரென்று குறுக்கிடும் எதிரிகள், அவர்களை மீண்டும் மீண்டும் அடித்து லெவல் ஏற்றும் ‘கிரைண்டிங்’ ஆகிய இரண்டையும் வெறுப்போர் ஏராளம். நேரத்தை நீட்டிக்கும் தந்திரம் என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

மாற்று வழிகள் தேடப்பட்டன. சில விபரீதமாக முடிந்தன. 1988-இல் ‘ஃபைனல் ஃபேன்டசி 2’ லெவலை நீக்கிவிட்டு, பயன்படுத்தும் திறனே வளரும் என்று விதித்தது. அடிபட்டால்தான் உயிர் அளவு கூடும் என்பதால் விளையாடுபவர்கள் தம் குழுவினரையே அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 1999-இல் வந்த 8-ஆம் பாகத்தில் குழுவின் லெவலுக்கு ஏற்ப எதிரிகளும் வளர்ந்ததால், சண்டையைத் தவிர்ப்பதே லாபமாகிவிட்டது. இதற்கு மாறாக 1994-இல் வந்த ‘மதர் 2’ எளிமையான தீர்வு கண்டது. எதிரிகள் கண்ணுக்குத் தெரிவார்கள். மிகவும் வலுக்குறைந்தவரைத் தொட்டால் சண்டைத் திரை வராமலே வெற்றி கிடைக்கும். ‘பிரேவ்லி டிஃபால்ட்’ எதிரிகள் குறுக்கிடும் அளவையே விளையாடுபவர் கூட்டவோ குறைக்கவோ, முற்றிலும் நிறுத்தவோ விட்டது.

கிரைண்டிங்கின் மறுபக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. லெவல் என்பது விளையாடுபவர் கையிலேயே விடப்பட்ட கடினநிலை அமைப்பு. தடுமாறுபவர் இன்னும் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து வெல்லலாம். தேர்ந்தவர் குறைந்த லெவலிலேயே முட்டிப் பார்க்கலாம். அதை நீக்கும் கேம், அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும்.

விற்பனை எதைச் சொல்கிறது?

இரு தரப்பும் விற்பனை எண்களை ஆயுதமாக எடுப்பது வழக்கம். டர்ன்-பேஸ்டு தரப்பிடம் பட்டியல் நீளம். ‘போகிமான் ஸ்கார்லெட்’, ‘வயலட்’ இரண்டும் சேர்ந்து 2022-இல் வெளியான மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. 2023-இல் ‘பால்டர்ஸ் கேட் 3’ த கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதைப் பெற்றது. அடிதடி ஆக்‌ஷனுக்குப் பேர்போன ‘யாகுசா’ தொடர் 2020-இல் டர்ன்-பேஸ்டு முறைக்கே மாறியது. ‘எக்ஸ்பெடிஷன் 33’ முதல் 33 நாளில் 33 லட்சம் பிரதிகள் விற்றது.

ஆயினும் இவற்றிலிருந்து முடிவுக்கு வருவதில் கவனம் தேவை. ‘போகிமான்’ விற்பது சண்டைமுறையால் மட்டும் என்று யாரும் வாதிட மாட்டார்கள். அந்தத் தொடரே 2025-இல் ‘லெஜன்ட்ஸ் இசட்-ஏ’ வழியாக நிகழ்நேரச் சண்டையை முயன்றது. ஆக்‌ஷன் பக்கம் 2022-இன் ‘எல்டன் ரிங்’ ஒன்றே பெரும் எதிர்ச்சான்று. டர்ன்-பேஸ்டு செத்துவிட்டது என்ற கூற்றை எண்கள் பொய்யாக்குகின்றன; அது மேலானது என்று அவை நிறுவவில்லை.

எண்களைவிட விளையாட்டாளர்களின் எதிர்வினை சில சமயம் அதிகம் சொல்கிறது. 2006 டிசம்பரில் ‘டிராகன் குவெஸ்ட் 9’ அறிவிக்கப்பட்டபோது அதில் ஆக்‌ஷன் சண்டை காட்டப்பட்டது. ஜப்பானிய ரசிகர்களிடம் எழுந்த அதிருப்திக்குப் பின் 2009-இல் கட்டளைச் சண்டையோடுதான் அது வெளிவந்தது. 2021-இல் 12-ஆம் பாகத்தை அறிவித்தபோது கட்டளைச் சண்டை புதுப்பிக்கப்படும் என்று ஹோரி சொன்னதும் உடனே கவனிக்கப்பட்டது.

பரிந்துரைப்பவர் கேட்க வேண்டியவை

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு எதைப் பரிந்துரைப்பது? ‘எது சிறந்தது’ என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, கேட்பவரிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். நேரம், கைவேகம், தோல்வியைத் தாங்கும் பொறுமை ஆகிய மூன்றில் எது அவரிடம் தாராளம், எது அருமை?

முதன்முறையாக இந்த உலகுக்குள் வருபவருக்கு ‘க்ரோனோ ட்ரிகர்’ இன்றும் பாதுகாப்பான தேர்வு. அளவான நீளம், கண்ணுக்குத் தெரியும் எதிரிகள், சலிப்பதற்குள் நகரும் கதை ஆகியவை காரணம். நேரம் இருந்து அவசரம் இல்லாதவருக்கு ‘டிராகன் குவெஸ்ட் 11 எஸ்’. மரபின் முழு ருசியும் அதில் கிடைக்கும். தோல்வியிலிருந்து பாடம் கற்பதில் இன்பம் காண்பவருக்கு ‘நாக்டர்ன்’. அதே மரபை மென்மையாகவும் பள்ளி வாழ்க்கைக் கதையோடும் விரும்புபவருக்கு ‘பெர்சோனா 5 ராயல்’, ஆனால் அது நூறு மணி நேரத்தைக் கேட்கும் என்று சொல்லிவிட வேண்டும். திட்டமிடுவதில் மட்டும் ஆர்வமும் பட்டன் அழுத்துவதில் அலுப்பும் உள்ளவருக்கு ‘ஃபைனல் ஃபேன்டசி 12’-இன் 2017 பதிப்பு. வேகத்தைக் கூட்டும் வசதியும் அதில் உண்டு. ஆக்‌ஷனில் ஊறியவரை இந்தப் பக்கம் அழைத்துவர ‘7 ரீமேக்’ நல்ல பாலம். கைவேகமே இன்பம் என்பவருக்கு 2021-இல் வந்த ‘டேல்ஸ் ஆஃப் அரைஸ்’.

பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. தனக்குப் பிடித்த மிகக் கடினமான ஆக்கத்தை முதல் அறிமுகமாக நீட்டுவது பெரும்பாலும் ஓர் எதிரியைத்தான் உருவாக்கும்.

தீராமல் இருப்பவை

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. ஆக்‌ஷன் சண்டையில் முழுக் குழுவின் பின்னலையும் காப்பாற்ற முடியுமா என்பதற்கு ‘7 ரீமேக்’ நெருங்கி வந்திருக்கிறது. முழு விடை வரவில்லை. பலவீனம் தெரிந்த பிறகும் புதிராகவே இருக்கும் டர்ன்-பேஸ்டு சண்டையை நீண்ட கேம் ஒன்றின் சிறிய எதிரிகளிடமும் தக்கவைக்க முடியுமா என்பது இன்னொன்று. லெவல் ஏற்றுவதை நீக்கிவிட்டு, தடுமாறுபவருக்கான கதவை மெனுவில் உள்ள ‘எளிது’ என்ற ஒற்றைத் தேர்வால் ஈடுசெய்வது போதுமா என்பது மூன்றாவது. வயதும் உடல்நிலையும் வேறுபட்ட விளையாட்டாளர்கள் பெருகிவரும் காலத்தில் இந்த மூன்றாவது கேள்வி மற்ற இரண்டைவிட அவசரமானதாகத் தோன்றுகிறது.

இதுவரையிலான சான்றுகள் ஓர் அளவான முடிவுக்கே இடம் தருகின்றன. எதிரி காத்திருக்கிறானா இல்லையா என்பது ஒரு சண்டையின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. தோற்றவருக்கு அடுத்து எதை மாற்ற வேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறதா, அப்படி மாற்றுவதற்கான வழி அவர் கைக்கு எட்டுகிறதா என்பவையே தீர்மானிக்கின்றன. மெட்டடாரிடம் தோற்றவருக்கு அது தெரிகிறது. ‘டிராகன் குவெஸ்ட்’டில் பாதிப் பணம் இழந்து எழுந்தவருக்கும் தெரிந்தது. இந்தத் தெளிவும் வழியும் இல்லாத சண்டை எவ்வளவு வேகமாக நடந்தாலும் சரி, எவ்வளவு நிதானமாக நடந்தாலும் சரி, பரிந்துரைக்கத் தக்கதன்று.